தீவுத் துறைமுகங்களைப் பார்த்துக் கப்பல் டிக்கெட் எடுப்பது எப்படி? குமரி மாவட்டத்தாருக்கு ஒரு முழு வழிகாட்டி

சொகுசுக் கப்பல் விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது நீச்சல் குளம், பிறகு சாப்பாடு, பிறகு ஆட்டம்பாட்டம். எந்தெந்தத் தீவில் நிற்கும் என்பது கடைசி வரியில் பொடி எழுத்தில் இருக்கும். பெரும்பாலானோர் கப்பலைப் பிடித்துப்போய்ப் பணத்தைக் கட்டிவிட்டு, அது நிற்கிற இடத்தில் இறங்குகிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். மாதம், துறைமுகம், கப்பல் என்ற வரிசையில் முடிவெடுத்தால் கொடுத்த காசுக்குத் தீவைப் பார்க்கலாம். இல்லையென்றால் பால்கனியில் நின்று தூரத்துத் தென்னந்தோப்பைப் பார்த்துவிட்டுத் திரும்ப நேரிடும்.

எதைப் பார்க்கப் போகிறீர்கள்?

முட்டமும் சொத்தவிளையும் லெமூர் கடற்கரையும் பக்கத்திலேயே இருக்கும்போது, இன்னொரு மணல்கரையில் நாற்காலி போட்டு உட்காரப் பெரும் பணம் செலவழிக்கத் தேவையில்லை. நம் கரையில் இல்லாதது இரண்டு. ஒன்று, பவளப்பாறை வளையத்துக்குள் குளம்போல் அடங்கிக் கிடக்கும் லகூன். கரையோரத்திலேயே அலை ஓங்கி அடிக்கிற நம் கடலில் குழந்தைகளை இறக்க முடியாது. லட்சத்தீவிலும் மாலத்தீவிலும் இடுப்பளவுத் தண்ணீரில் மீன் கூட்டத்தைப் பார்த்தபடி நிற்கலாம். இரண்டு, கப்பலை விட்டு இறங்கியதும் கால்நடையாகச் சுற்றக்கூடிய பழைய துறைமுக நகரம், பினாங்கு போல. கையிலிருக்கும் பயணத் திட்டத்தில் இந்த இரண்டில் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுமே இல்லையென்றால் அந்தத் திட்டத்தைத் தள்ளி வைக்கலாம்.

நம் விடுமுறையும் கடலின் பருவமும்

நமக்கு லீவு கிடைப்பது ஏப்ரல், மே மாதங்களிலும் கிறிஸ்துமஸ் சமயத்திலும்தான். சிலருக்கு ஓணத்தை ஒட்டி நாலு நாள் கிடைக்கும். கடல் அதற்கேற்ப நடந்துகொள்ளாது.

டிசம்பர் கடைசி என்றால் லட்சத்தீவு, மாலத்தீவு, புக்கெட், லங்காவி ஆகிய நான்குமே நல்ல தேர்வு. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்தப் பக்கங்களில் கடல் பொதுவாக அடங்கியிருக்கும். ஆனால் அதே மாதத்தில் திருகோணமலையும் யாழ்ப்பாணமும் வாடைக்காற்றிலும் மழையிலும் மாட்டியிருக்கும். தாய்லாந்து வளைகுடாவில் உள்ள கோ சமூயிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அடைமழை. புக்கெட்டும் சமூயும் ஒரே நாட்டில் இருந்தாலும் பருவம் வேறு. விளம்பரத்தில் ‘தாய்லாந்து’ என்று மட்டும் போட்டிருந்தால் எந்தக் கரை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏப்ரல், மே என்றால் திருகோணமலை, பாலி, சமூய் ஆகியவை பொருந்தும். மொரிஷியஸில் ஜனவரி முதல் மார்ச் வரை புயல் அதிகம், மே மாதத்துக்குப் பிறகு நிதானம். ஓண விடுமுறைக்கு அரபிக்கடல் பக்கமே போக வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று ஓயாத அந்த மாதங்களில் லட்சத்தீவில் சிறு படகுகள் ஓடுவதே சந்தேகம். அப்போதும் கிழக்குக் கரையும் திருகோணமலையும்தான் கைகொடுக்கும். புக்கெட் போனாலும், ஃபிஃபி தீவின் மாயா விரிகுடாவை ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் மூடிவிடுவார்கள். கரீபியன் தீவுகளுக்கு ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம். அந்த மாதங்களில் டிக்கெட் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் அதுதான்.

எங்கே ஏறுவது?

குளச்சலும் தேங்காய்ப்பட்டணமும் மீன்பிடித் துறைமுகங்கள். விழிஞ்ஞம் சரக்குப் பெட்டகத்துக்கானது. ஆகவே நமக்கு நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு.

முதலாவது கொச்சி. நாகர்கோவிலில் இருந்து ரயிலில் எர்ணாகுளம் போய், அங்கிருந்து வெலிங்டன் தீவு. அங்கே பன்னாட்டுச் சொகுசுக் கப்பல்களுக்கான ‘சாகரிகா’ முனையம் வேறு, லட்சத்தீவு அரசுக் கப்பல்கள் புறப்படும் இடம் வேறு. ஆட்டோக்காரரிடம் வெறுமனே ‘கப்பல் ஜெட்டி’ என்றால் மாற்றி இறக்கிவிடுவார். லட்சத்தீவு நிர்வாகத்தின் ‘ஸ்போர்ட்ஸ்’ எனும் சுற்றுலா அமைப்பு நடத்தும் ‘சமுத்திரம்’ தொகுப்பு இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஐந்து நாள் பயணம். பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகள், இரவில் கப்பலிலேயே தூக்கம். சொகுசு குறைவுதான். ஆனால் தீவைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால், பளபளப்பான கப்பல்களைவிட இதையே முதலில் சொல்வோம். தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் உங்கள் உறவிலோ தெருவிலோ இருந்தால், மினிக்காய்க் கடலைப் பற்றிக் கொஞ்சம் கேட்டுவிட்டுப் போங்கள். எந்தச் சிற்றேட்டிலும் கிடைக்காத தகவல் கிடைக்கும்.

இரண்டாவது சென்னை. மேற்குக் கரையில் மழைக்காலம் தொடங்கியதும் சொகுசுக் கப்பல் கிழக்குக்கு வரும். 2023 ஜூன் முதல் கோர்டேலியா நிறுவனத்தின் கப்பல் சென்னையில் இருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைச் சுற்றி வந்திருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு வழித்தடம் மாறும். அந்தப் பருவத்து அட்டவணையைப் பார்த்துவிட்டே ரயில் டிக்கெட் எடுங்கள். சென்னையில் இருந்து அந்தமான் போகும் அரசுக் கப்பலோ நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் படகோ வெறும் போக்குவரத்துச் சேவைகள். அவற்றை உல்லாசப் பயணத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது, திருவனந்தபுரத்தில் இருந்து விமானத்தில் சிங்கப்பூர் போய் அங்கே கப்பல் ஏறுவது. பினாங்கு, லங்காவி, புக்கெட் போன்ற துறைமுகங்களை மூன்று முதல் ஐந்து நாளில் தொட்டு வரலாம். மார்த்தாண்டம், களியக்காவிளை, பாலராமபுரம் நெரிசலைக் கணக்கில் எடுத்து, நாகர்கோவிலில் இருந்து விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். எந்த வழியில் போனாலும் கப்பல் புறப்படுவதற்கு முந்தின நாளே அந்த ஊரில் இருக்க வேண்டும். ரயிலோ விமானமோ தாமதமானால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது, டிக்கெட் பணமும் திரும்பாது.

கப்பல் கரையை அணையுமா, கடலில் நிற்குமா?

இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் பணம் கட்டவே கூடாது. சில துறைமுகங்களில் கப்பல் மேடையோடு ஒட்டி நிற்கும், படியில் இறங்கி நடந்துவிடலாம். மற்ற இடங்களில் கப்பல் ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து ‘டெண்டர்’ எனும் சிறு படகில் கரைக்குப் போக வேண்டும். லட்சத்தீவின் அகத்தியிலும் மாலத்தீவின் மாலேயிலும் இப்படித்தான். புக்கெட்டில் பட்டோங் விரிகுடா என்றால் டெண்டர், தென்கிழக்கில் உள்ள மாக்காம் விரிகுடாத் துறைமுகம் என்றால் மேடை. பினாங்கின் சுவெட்டன்ஹாம் துறை, கொழும்பு, மொரிஷியஸின் போர்ட் லூயிஸ் எல்லாம் மேடைதான்.

டெண்டரில் என்ன சிக்கல் என்பதைக் குமரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கடல் சீற்றம் என்று பூம்புகார் படகை நிறுத்தியதும், விவேகானந்தர் பாறையை எதிரே வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்கள் திரும்புவதைப் பார்த்திருப்போம். டெண்டர் துறைமுகமும் அப்படியே. அலையெழுச்சி ஒன்று, ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் இறக்கமாட்டார்கள். முடிவெடுப்பவர் கேப்டன், அதற்கு மேல் முறையீடு கிடையாது.

இங்கே பலரும் ஏமாறுவது வானத்தைப் பார்த்து. வெயில் அடிக்கும், காற்றே இருக்காது, ஆனாலும் படகு ஓடாது. அதற்குக் காரணம் கள்ளக்கடல். பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே, தென்பெருங்கடலில் எழுந்த புயலின் அலைகள் சில நாள் கழித்து நம் கரைக்கும் லட்சத்தீவுக்கும் மாலத்தீவுக்கும் வந்து சேரும். உயரம் குறைவாகத் தெரியும். ஆனால் ஒரு அலைக்கும் அடுத்ததற்கும் இடையே பதினைந்து, இருபது வினாடி இடைவெளி இருப்பதால், ஒவ்வொரு அலையும் தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர் ஏராளம். கப்பலின் பக்கவாட்டில் உள்ள மேடை ஒரே இடத்தில் நிற்க, டெண்டர் மட்டும் இடுப்பளவு ஏறி இறங்கும். அந்த இடைவெளியில் கால் வைத்தால் எலும்பு முறியும். கள்ளக்கடல் அதிகமாக வருவது ஏப்ரல், மே மாதங்களில், அதாவது நம் பள்ளி விடுமுறையில். ஆகவே அந்த மாதங்களில் அகத்தியை மட்டும் நம்பிப் பயணத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வடகிழக்கைப் பார்த்திருக்கும் திருகோணமலையை இலங்கை நிலப்பரப்பே அந்த அலைகளில் இருந்து மறைக்கிறது.

முழங்கால் வலி உள்ள பெரியவர்கள், கைக்குழந்தை, சக்கர நாற்காலி என்று யாராவது கூட வந்தால் மேடைத் துறைமுகம் இரண்டுக்கு டெண்டர் ஒன்று என்ற விகிதத்துக்கு மேல் போக வேண்டாம். டெண்டரில் சக்கர நாற்காலியைப் பெரும்பாலும் அனுமதிக்கமாட்டார்கள். அனுமதித்தாலும், ஒரு அடியாவது தானாக எடுத்து வைக்க முடிய வேண்டும் என்பார்கள்.

கரையில் கையில் கிடைக்கும் நேரம்

அட்டவணையில் ‘காலை 9 – மாலை 6’ என்று இருந்தால் ஒன்பது மணி நேரம் என்று நினைக்காதீர்கள். பட்டோங்கை எடுத்துக்கொள்வோம். 9 மணிக்கு நங்கூரம். உள்ளூர் அதிகாரிகளின் சோதனை முடிந்து முதல் டெண்டர் கிளம்ப 9.30. உங்கள் எண் வந்து கரையில் கால் வைக்க 10.15. மாலை 5 மணிக்குக் கடைசி டெண்டர். அந்த வரிசையில் நிற்க 4.15-க்குப் படகுத்துறையில் இருக்க வேண்டும். ஆக, கையில் இருப்பது ஆறு மணி நேரம். ஃபிஃபி தீவுக்குப் போக வேண்டுமானால் மலையைத் தாண்டி மறுகரைக்கு வண்டி, அங்கிருந்து ஒரு மணி நேர வேகப்படகு. போக வர மூன்றரை மணி நேரம் கரைந்துவிடும். கிடைக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயணத்தில் போகும் இடத்தைப் பட்டியலில் இருந்து அடித்துவிடுங்கள்.

இதே இடத்தில் இன்னொரு கண்ணியும் உண்டு. சிங்கப்பூரில் இருந்து வரும் கப்பல் பல சமயம் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடும். தாய்லாந்து அதைவிட ஒரு மணி நேரம் பின்னால். கரையில் கால் வைத்ததும் கைப்பேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கைப்பேசியில் 4.15 பார்த்துப் படகுத்துறைக்கு வந்தால் கப்பலில் 5.15 ஆகியிருக்கும், கடைசிப் படகு போயிருக்கும். மாலத்தீவு நமக்கு அரை மணி நேரம் பின்னால், அங்கும் இதே சிக்கல் வரலாம். இலங்கையில் இந்தத் தொல்லை இல்லை, நம் நேரம்தான். முந்தின இரவு கேபினுக்கு வரும் தினத் தாளில் கப்பல் நேரம் எது என்று போட்டிருக்கும். முள் உள்ள சாதாரணக் கைக்கடிகாரத்தை அதற்கேற்பத் திருப்பிக் கட்டிக்கொள்ளுங்கள்.

துறைமுகம் துறைமுகமாக

பினாங்கு: முதல்முறை போகிறவர்களுக்கு இதைவிட எளிதான தீவு கிடையாது. இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் லிட்டில் இந்தியா, குயின் தெரு மாரியம்மன் கோயில், கப்பித்தான் கிளிங் மசூதி. தமிழிலேயே வழி கேட்கலாம். ஜார்ஜ் டவுன் 2008-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கடலில் குளிப்பதுதான் ஆசை என்றால் இங்கே ஏமாற்றம்தான், தண்ணீர் கலங்கல். சீனப் புத்தாண்டு, தைப்பூச நாட்களில் போக்குவரத்து நின்றுவிடும்.

லங்காவி: கப்பல்துறை ஊரை விட்டு ஒதுங்கிய முனையில் இருக்கிறது. டாக்சி இல்லாமல் எதுவும் இல்லை. மலைமேல் போகும் கேபிள் கார் காற்று வீசினால் நிற்கும், ஆகவே அதை மட்டும் குறிவைத்து இறங்க வேண்டாம். பெட்டி ஜெல்லிமீன் இந்தக் கடலில் உண்டு. கொட்டினால் தேய்க்கவோ நல்ல தண்ணீர் ஊற்றவோ கூடாது. வினிகரை ஊற்றி உடனே ஆளைக் கூப்பிட வேண்டும்.

மாலே: நகரத்தில் கடற்கரை என்று சொல்ல அதிகம் இல்லை. லகூன் வேண்டுமானால் ஏதாவது ரிசார்ட் தீவுக்கு ஒருநாள் அனுமதியை முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். இறங்கிய பிறகு தேடினால் கிடைக்காது. வெள்ளிக்கிழமை காலையில் கடைகள் மூடியிருக்கும். பையில் மதுப்புட்டி இருந்தால் நுழைவிலேயே எடுத்துக்கொள்வார்கள். லட்சத்தீவிலும் பங்காரம் தீவு தவிர மதுவுக்குத் தடை.

திருகோணமலை: ஆழமான இயற்கைத் துறைமுகம். கோணேசர் கோயில் பக்கத்தில்தான். வடக்கே நிலாவெளி பதினைந்து கிலோமீட்டர், அங்கிருந்து புறாத் தீவுக்குப் படகு. கோயில், நிலாவெளி இரண்டும் ஒரே நாளில் முடியும். புறாத் தீவையும் சேர்த்தால் ஓட்டமாகிவிடும்.

காங்கேசன்துறை: கடற்கரைக்காக அல்ல, கீரிமலைக்கும் நல்லூருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இறங்க வேண்டிய இடம். நல்லூரில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும், சுசீந்திரம் போய்ப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. போயா எனும் பௌர்ணமி நாளில் இலங்கை முழுக்க மதுக்கடையும் இறைச்சிக்கடையும் மூடியிருக்கும்.

அம்பாந்தோட்டை: துறைமுகத்தில் பார்க்க எதுவும் இல்லை. எல்லாமே வண்டி வைத்துப் போகிற இடங்கள். அலையும் நம் ஊர் அலையைப் போலவே முரட்டு அலை. இந்தப் பெயர் திட்டத்தில் இருந்தால் அதை அரைத் துறைமுகமாகக் கணக்கு வையுங்கள்.

போர்ட் லூயிஸ்: ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்திறங்கிய ஆப்ரவாசி காட், மத்தியச் சந்தை இரண்டும் துறைமுகத்தை ஒட்டியே இருக்கின்றன. கையில் வாங்கும் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்க்கலாம். ஞாயிறு பிற்பகல் ஊர் வெறிச்சோடிவிடும், அன்று நேராகக் கடற்கரைக்குப் போய்விடுவது நல்லது.

பெயரும் விசாவும்

நம்மவர்கள் அதிகம் மாட்டுவது இனிஷியலில். ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடு வேறு மாதிரி, முகவர் அடித்ததோ மூன்றாவது மாதிரி. வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்று இருந்தாலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். குடும்பப்பெயர் கட்டம் பாஸ்போர்ட்டில் காலியாக இருந்தால், படிவத்தில் என்ன நிரப்புவது என்று கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் திரும்பி வரும் நாளில் இருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

சிங்கப்பூரில் ஏறினால் ஒருமுறை நுழையும் விசா போதாது. கப்பல் ஏறியதும் நாட்டை விட்டு வெளியேறியதாகக் கணக்கு, திரும்பி வரும்போது மறுபடி நுழைகிறீர்கள். வருகை அட்டையையும் இரண்டாம் முறை நிரப்ப வேண்டும். தாய்லாந்து 2025 மே 1 முதல் மின்னணு வருகை அட்டை கேட்கிறது. விசா விதிகள் அடிக்கடி மாறுபவை. பணம் கட்டும் நாளில் ஒருமுறை, கிளம்பும் முன் ஒருமுறை அந்தந்த நாட்டின் அரசுத் தளத்தில் பாருங்கள். இந்தியருக்கும் லட்சத்தீவில் கால் வைக்க அனுமதிச் சீட்டு தேவை. வழக்கமாகக் கப்பல் நிறுவனமே எடுத்துத் தரும், ஆனால் ஆவணத்தைக் கேட்ட தேதிக்குள் அனுப்ப வேண்டியது நீங்கள். கென்யாவின் மொம்பாசாவும் ஒரு தீவுதான். அங்கே போய் வந்தால் இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று காட்ட வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் அது செல்லும்.

வெளிச்சுற்றுலா

கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலா விலை கூடுதல். ஆனால் அந்த வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் பிடித்த டாக்சி பஞ்சரானால் காத்திருக்காது, அடுத்த துறைமுகத்துக்கு விமானம் பிடிப்பது உங்கள் செலவு. ஆகவே பினாங்கில் சொந்தமாகச் சுற்றுங்கள். தூரம் அதிகமான இடம், படகு மாறும் இடம் என்றால் கப்பலின் சுற்றுலாவையே வாங்குங்கள். டெண்டர் துறைமுகங்களில் இன்னொரு வசதி, அப்படி வாங்கியவர்களை முதலில் இறக்குவார்கள்.

விலை கேட்கும்போது துறைமுக வரி, தினசரி டிப்ஸ், ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்ததா என்று கேளுங்கள். வெளிநாட்டுத் தொகுப்புக்கு முன்கூட்டியே பிடிக்கும் டிசிஎஸ் எனும் வரித் தொகையை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

கிளம்பும் வாரமும் இறங்கும் நாளும்

நான்கைந்து நாள் முன்பிருந்தே ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் அலை முன்னறிவிப்பைப் பாருங்கள். காற்றின் வேகத்தைவிட அலையெழுச்சியின் உயரத்தையும் வினாடி இடைவெளியையும் கவனியுங்கள். குமட்டல் வருபவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கி, கடல் ஆடத் தொடங்கும் முன்பே போட வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு மாத்திரை வயிற்றில் நிற்காது. கேபின் கப்பலின் நடுவிலும் கீழ்த்தளத்திலும் இருந்தால் ஆட்டம் குறைவு.

கப்பல் கரையை விட்டதும் கைப்பேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள். இல்லையென்றால் கப்பலின் செயற்கைக்கோள் தொடர்பில் சேர்ந்து பில் எகிறும். கரைக்குப் போகும்போது கப்பல் அட்டை, பாஸ்போர்ட் நகல், உள்ளூர்ப் பணம் கொஞ்சம், துறைமுக முகவரின் எண் எழுதிய தாள் ஆகியவை பையில் இருக்க வேண்டும். அந்த எண் தினத் தாளில் இருக்கும். கப்பலில் இருந்து பழமோ சமைத்த சாப்பாடோ எடுத்துப் போகாதீர்கள், பல தீவுகளில் அபராதம் உண்டு. தாய்லாந்தின் கடல் தேசியப் பூங்காக்களில் பவளத்தைக் கெடுக்கும் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த வெயில் களிம்புக்குத் தடை. குழந்தைகள் பொறுக்கும் பவளத் துண்டு இந்தியாவில் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். பையை மூடும் முன் ஒருமுறை உதறிப் பாருங்கள்.

ஏதாவது துறைமுகத்தை அலை காரணமாக விட்டுவிட்டால், கட்டணம் திரும்பாது என்றாலும் அந்தத் துறைமுக வரி மட்டும் பெரும்பாலும் உங்கள் கப்பல் கணக்கில் திரும்ப வரும். இறங்கும் நாள் காலையில் தரும் பில்லில் அந்த வரவு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் வரவேற்பு மேசையிலேயே கேட்டு வாங்குங்கள். ஊருக்கு வந்து மின்னஞ்சல் அனுப்பினால் மாதக்கணக்கில் இழுக்கும்.